ஒரு மேசனை வேலைக்கு வைத்தாலும் நீங்கள் வேலைகொள்வோரே
வீடு கட்டும் குடும்பங்களுக்கும் சிறுதொழில் நடத்துவோருக்குமான வேலைத்தலப் பாதுகாப்பு வழிகாட்டி

சொந்தக் காணிக்குத் திரும்பியுள்ள உங்களில் பலர் இப்போது நிரந்தர வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது கட்டத் தயாராகிறீர்கள். சிலர் பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குகிறீர்கள். இன்னும் சிலர் கல்லரியும் இடம், தச்சுப்பட்டறை, அரிசி ஆலை போன்ற சிறுதொழில்களை மீண்டும் ஆரம்பித்துள்ளீர்கள். இவை எல்லாவற்றிலும் உங்களுக்காக இன்னொருவர் உழைக்கிறார். அவரும் பெரும்பாலும் உங்களைப் போலவே மீளக்குடியமர்ந்தவர்தான். அவருடைய நாட்கூலியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

வீட்டுத் திட்டம் பற்றிய கூட்டங்களில் தவணைப் பணம், அத்திவாரத்தின் அளவு, சீமெந்துக் கலவை ஆகியவை பற்றி விரிவாகப் பேசப்படும். வேலை செய்பவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்புவது பற்றிப் பேச நேரம் கிடைப்பதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது. இதில் சொல்லப்படும் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. வேலை தொடங்குமுன் யோசிப்பதும், யோசித்ததை வாய்விட்டுச் சொல்வதுமே தேவை.

வேலைகொள்வோர் என்பவர் யார்?

"வேலைகொள்வோர்" என்றதும் பெரிய கொம்பனிகளே நினைவுக்கு வரும். ஆனால் எந்த நாளில் வேலை, எந்த இடத்தில் வேலை, எந்தப் பொருளைப் பாவிப்பது, எவ்வளவு விரைவாக முடிப்பது என்பவற்றைத் தீர்மானிப்பவரே நடைமுறையில் வேலைகொள்வோர். பயனாளி தானே நின்று கட்டும் வீட்டுத் திட்டத்தில் இந்தத் தீர்மானங்கள் உங்களுடையவை. கணவரை இழந்து தனியாகக் குடும்பத்தை நடத்தும் பெண்ணும், முதியவரும் கூட இந்த நிலையில் இருக்கிறார்கள்.

"மேசனுக்குத் தெரியாததையா நாங்கள் சொல்லப்போகிறோம்?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கல் வைக்கவும் மட்டம் பார்க்கவும் மேசனுக்குத் தெரியும். ஆனால் உங்கள் காணியில் பழைய கிணறு எங்கே இருந்தது, எந்தச் சுவர் ஷெல் பட்டு வெடித்தது, மின்கம்பி எப்படிப் போகிறது என்பது உங்களுக்கும் உங்கள் அயலவருக்கும்தான் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒன்றுசேர்ந்தால்தான் வேலைத்தலம் பாதுகாப்பாக இருக்கும்.

வேலை தொடங்குமுன் காணியைச் சுற்றி நடந்து பாருங்கள்

முதல் மண்வெட்டு விழுமுன், மேசனையும் அயலில் நீண்ட காலம் வாழ்ந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு காணியை ஒருமுறை சுற்றி வாருங்கள். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

வெடிபொருட்கள்: மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்ட காணியா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நிலம் ஒரு குறித்த ஆழம் வரையே சோதிக்கப்படுகிறது. அத்திவாரம், மலசலகூடக் குழி, கிணறு ஆகியவை அதைவிட ஆழமாகப் போகலாம். தோண்டும்போது அலவாங்கில் உலோகம் தட்டுப்பட்டால் வேலையை அந்தக் கணமே நிறுத்துங்கள். தொடவோ, அசைக்கவோ, தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். வந்த வழியே திரும்பி, மற்றவர்கள் போகாதபடி அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்துக்கும் அறிவிக்கலாம். பற்றை வெட்டிய குப்பையை அந்த இடத்திலேயே குவித்து எரிக்காதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டினால் வெடிக்கக்கூடும்.

பழைய சுவர்கள்: கூரையின்றிப் பல மாரிகாலம் நனைந்த சுவர் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே உக்கிப்போயிருக்கும். அதன் நிழலில் இருந்து சாப்பிடுவதும், கலவை குழைப்பதும் ஆபத்து. இடிப்பதானால் மேலிருந்து கீழாக, சிறிது சிறிதாக இடிக்க வேண்டும். அடியில் கல்லை உருவி முழுச்சுவரையும் சாய்ப்பது உயிராபத்தானது.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற்: உடைந்த சீற்றிலிருந்து வரும் நுண்ணிய தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்களின் பின்னர் புற்றுநோய் உட்படக் கடும் நோய்களை உண்டாக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றுங்கள். கிறைண்டரால் வெட்டவோ, உடைத்து வீட்டு நிலத்தை நிரப்பவோ வேண்டாம்.

மின்கம்பி: காணிக்கு மேலாகக் கம்பி போனால் நீளமான இரும்புக் கம்பி, குழாய், தகர ஏணி ஆகியவற்றை அதன் கீழ் நிமிர்த்துவதைத் தடைசெய்யுங்கள்.

ஆபத்தைக் குறைக்கும் ஒழுங்கு

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசமும் கையுறையும் வாங்குவதையே பலர் நினைப்பார்கள். அவை தேவையானவை. ஆனால் அவை கடைசிப் பாதுகாப்பு. தொழில்சார் பாதுகாப்புப் பயிற்சிகளில் முதலில் கற்பிக்கப்படுவது ஓர் ஒழுங்குமுறை. அதைக் கீழ்க்காணும் நான்கு கேள்விகளாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1. இந்த ஆபத்தை முற்றாக இல்லாமல் செய்யலாமா? (உதாரணம்: கூரைக்கு மேல் ஏறிச் செய்யும் சில வேலைகளை நிலத்தில் வைத்தே பொருத்தி முடித்துவிட்டு மேலே ஏற்றுதல்.)
2. ஆபத்துக்கும் மனிதருக்கும் இடையே தடை போடலாமா? (உதாரணம்: தோண்டிய குழியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுதல், இரவில் பலகையால் மூடுதல்.)
3. வேலை செய்யும் முறையை மாற்றலாமா? (உதாரணம்: மத்தியான வெயிலில் கொங்கிறீட் போடாமல் அதிகாலையில் போடுதல்.)
4. இவ்வளவுக்குப் பின்னும் எஞ்சும் ஆபத்துக்கு உடலில் என்ன அணிய வேண்டும்? (உதாரணம்: சப்பாத்து, கையுறை, கண்ணாடி.)

கேள்விகளை இந்த ஒழுங்கிலேயே கேளுங்கள். நாலாவதில் தொடங்கினால், குழி திறந்தபடியே கிடக்கும். தலைக்கவசம் போட்டவர் அதற்குள் விழுவார்.

கூடிய கவனம் தேவைப்படும் வேலைகள்

கிணறு இறைத்தலும் தோண்டுதலும்

மீள்குடியேறிய கிராமங்களில் மிகவும் ஆபத்தான வேலை இதுவே. பல வருடம் பாவிக்காத கிணற்றுக்குள் வெடிபொருட்கள் போடப்பட்டிருக்கலாம். ஆகவே அதிகாரிகள் பார்த்து உறுதிப்படுத்தும்வரை எவரையும் இறக்க வேண்டாம்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மூடிக்கிடந்த கிணற்றில் இலைகுழைகள் உக்குவதால் ஒட்சிசன் குறைந்து, கெட்ட வாயு அடியில் தங்கியிருக்கும். எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது எம்மவர் வழக்கம். விளக்கு அணைந்தால் ஒட்சிசன் போதாது என்பது நிச்சயம். ஆனால் விளக்கு எரிகிறது என்பதால் கிணறு பாதுகாப்பானது என்று முடிவெடுக்க முடியாது. நச்சு வாயு இருந்தாலும் விளக்கு எரியும்.

இதனால்தான் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் இயந்திரத்தின் புகையில் காபனோரொட்சைட் என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே நிற்பவருக்குத் தலை சுற்றும்போதே கால் சோர்ந்துவிடும், ஏறி வர முடியாது. இயந்திரத்தை வெளியே, கிணற்று வாயிலிருந்து தள்ளி, காற்று புகையைக் கிணற்றின் பக்கம் அடிக்காத இடத்தில் வையுங்கள். நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதால் மேலிருந்து இழுக்காது என்றால், அதற்கேற்ற வேறு பம்பியை வாடகைக்கு எடுங்கள்.

கிணற்றில் இறங்குபவரின் நெஞ்சைச் சுற்றிப் பலமான கயிறு கட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் மறுமுனையை மேலே ஒரு மரத்திலோ தூணிலோ கட்டி, குறைந்தது இரண்டு பேர் அருகில் நிற்க வேண்டும். அவர்கள் வேறு வேலைக்குப் போகக்கூடாது. உள்ளே இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் கயிற்றை இழுத்து மேலே எடுக்க வேண்டும். எவரும் பின்னால் இறங்கக்கூடாது. தம்பியைக் காப்பாற்ற அண்ணனும், அண்ணனைக் காப்பாற்ற அயலவரும் இறங்கி, ஒரே கிணற்றில் பலர் இறந்த துயரங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. இந்த ஒரு விதியை வேலை தொடங்குமுன்னரே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஆபத்து நேரத்தில் சொன்னால் எவர் காதிலும் ஏறாது.

அத்திவாரமும் குழிகளும்

ஒரு கன மீற்றர் மண் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் நிறையுடையது. இடுப்பளவு மண் சரிந்தாலே மூச்சுவிட முடியாமல் போகலாம். 4 அடிக்கு மேல் ஆழமான குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், அல்லது பலகையால் முட்டுக் கொடுங்கள். மணற்பாங்கான நிலத்தில் அதற்கு முன்னரே இது தேவைப்படும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் குறைந்தது 2 அடி தள்ளிக் கொட்டுங்கள். மழை பெய்த மறுநாள் குழிக்குள் இறங்குமுன் பக்கங்களில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள்.

உயரத்தில் வேலை

சாரத்துக்கு உக்கிய கம்பும், சீமெந்துப் பையால் திரித்த கயிறும் வேண்டாம். நிற்கும் பலகை இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். பரலின் மேல் கதிரை, கதிரையின் மேல் கல் என்று அடுக்கி ஏறுவதை அனுமதிக்காதீர்கள். ஏணியைச் சாய்க்கும்போது 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் அடியை வெளியே வையுங்கள். ஏணியின் தலை, ஏறும் இடத்தைவிட 3 அடி மேலே நீண்டிருந்தால் பிடித்து இறங்கலாம். சோழகக் காற்று வீசும் மாதங்களில் கூரைச் சீற்றை ஏற்றும் வேலையைக் காற்றுக் குறைந்த காலை நேரத்தில் செய்யுங்கள். காற்றில் ஒரு சீற் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. சிலாகைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நடக்க வேண்டும்.

மின்சாரம்

எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற் மின்சாரம். ஈரக் கையும் வெறுங்காலும் சேர்ந்தால் அது உயிரைப் பறிக்கப் போதும். அயல்வீட்டிலிருந்து வயர் இழுத்து வேலை செய்வதானால், ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள். அந்தச் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பிளக் இல்லாமல் வயர் முனையை நேரே துளைக்குள் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கத்தை உங்கள் காணியில் அனுமதிக்காதீர்கள். பொருத்து உள்ள வயர் நிலத்தில், தண்ணீரில் கிடக்கக் கூடாது.

சீமெந்தும் தூசும்

ஈரச் சீமெந்து தோலை அரிக்கும். வெறுங்காலுடன் கொங்கிறீட்டுக்குள் நின்றால் மாலையில்தான் புண் தெரியவரும். றப்பர் சப்பாத்தும் கையுறையும் வாங்குவது வைத்தியச் செலவைவிட மலிவு. கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கல், மாபிள் வெட்டும்போது தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். அந்தத் தூசு வருடக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் கட்டும் லேஞ்சி அதைத் தடுக்காது.

காலையில் பத்து நிமிடம்

பாதுகாப்புப் பயிற்சி என்பது மண்டபத்தில் இருந்து கேட்கும் விரிவுரை மட்டுமல்ல. ஒவ்வொரு நாள் காலையிலும் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் நீங்கள் நடத்தும் பத்து நிமிடப் பேச்சே மிகப் பயனுள்ள பயிற்சி. மூன்று கேள்விகள் போதும்: இன்று என்ன வேலை? அதில் எது எங்களைக் காயப்படுத்தலாம்? அதற்கு என்ன செய்யப் போகிறோம்?

வயதில் மூத்த, அனுபவமுள்ள மேசனிடம் பேசத் தயக்கமாக இருந்தால், கட்டளையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள். உதாரணமாக:

"அண்ணை, இண்டைக்கு லிண்டலுக்கு மேலே கல் வைக்கப் போறியள். அந்தச் சாரம் ரெண்டு பேரைத் தாங்குமோ?"

"தாங்கும் பிள்ளை, நேற்றும் நிண்டனாங்கள்தானே."

"நேற்று ஒராள்தான் நிண்டவர். இண்டைக்குக் கல்லும் ஏறுது. நடுவிலை இன்னொரு கம்பு குடுத்திட்டுத் தொடங்குவமோ? கம்பு நான் எடுத்துத் தாறன்."

இதில் மேசனின் மரியாதை குறையவில்லை. வேலையும் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதிக்கவில்லை. முக்கியமாக, "கம்பு நான் எடுத்துத் தாறன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதுகாப்புக்கான பொருளையும் நேரத்தையும் கொடுப்பது வேலைகொள்வோரின் பங்கு. கொடுக்காமல் "கவனம், கவனம்" என்று மட்டும் சொன்னால் பயனில்லை.

புதிதாக வந்த கையாளை முதல் நாளில் தனியே விடாதீர்கள். எங்கே குழி, எங்கே வயர், எங்கே குடிநீர் என்று கூட்டிச் சென்று காட்டுங்கள். வேலை பாதுகாப்பில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை நிறுத்திவிடாதீர்கள். அவர் சொன்னதால் ஒரு விபத்துத் தவிர்ந்திருக்கலாம்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

பல விபத்துகளுக்கு அவசரம் காரணமாகிறது. ஒரு கட்டம் முடிந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்ட பின்னரே அடுத்த தவணைப் பணம் கிடைக்கும். மாரிக்கு முன் கூரை போட வேண்டும். மேசனோ இன்னும் இரண்டு வீடுகளை ஒப்புக்கொண்டிருப்பார். இந்த நெருக்கடியில்தான் இருட்டும்வரை வேலை நடக்கிறது, முட்டுப் பலகை ஒரு நாள் முந்திக் கழற்றப்படுகிறது. இதை முன்கூட்டியே குறைக்கலாம். மேசனுடன் கூலி பேசும்போதே சாரம், முட்டு, கையுறை, சப்பாத்து ஆகியவற்றை யார் கொண்டுவருவது, மழை நாளில் என்ன செய்வது என்பவற்றையும் பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நாள் போதாது எனத் தெரிந்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் அதை முன்னரே சொல்லுங்கள்.

உடல்நலமும் சுத்தமும்

எமது பிரதேசத்தின் வெயிலில் உழைப்பவர் தாகம் எடுக்குமுன்னரே அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். கொதித்தாறிய நீர் நிழலில் இருக்கட்டும். உச்சி வெயிலில் ஓய்வு கொடுத்து, காலையிலும் பின்னேரத்திலும் வேலையைக் கூட்டலாம். ஒருவர் தடுமாறிப் பேசினால், உடல் நெருப்பாகச் சுட்டால், அது வெப்பத்தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடலை நீரால் குளிர்வித்து, வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

வேலையாட்களுக்கு மலசலகூட வசதியும் கை கழுவச் சவர்க்காரமும் ஒழுங்குசெய்யுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் இது இன்னும் அவசியம். கொங்கிறீட் நனைக்கச் சேர்த்து வைக்கும் பரல்களையும் தொட்டிகளையும் மூடி வையுங்கள். மூடாவிட்டால் உங்கள் புதுவீட்டிலிருந்தே டெங்கு நுளம்பு பரவும்.

விபத்து நேர்ந்தால்

• முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.
• 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. புதிதாகக் குடியேறிய வீதிகளுக்குப் பெயர் இல்லாதிருக்கலாம். ஆகவே பாடசாலை, கோயில், சந்தி போன்ற அடையாளத்தைச் சொல்லி, ஒருவரை றோட்டில் நிறுத்துங்கள்.
• உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி இருத்தவோ தண்ணீர் பருக்கவோ வேண்டாம். கழுத்தும் முதுகும் அசையாதபடி அப்படியே இருக்க விடுங்கள்.
• இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடியுங்கள்.
• பாம்பு கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலப் பாதுகாப்புக்கான அடிப்படைச் சட்டமாகும். ஆலை, பட்டறை போன்றவற்றை நடத்துவோர், உயிரிழப்பை உண்டாக்கும் விபத்தையும், ஒருவரை மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமலாக்கும் விபத்தையும் தொழில் திணைக்களத்தின் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வேலையின்போது வேலையின் காரணமாகக் காயமடைந்தவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ நட்டஈடு வழங்குவதற்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. தொழிலாக ஆட்களை வைத்து வேலை செய்விப்போரும் ஒப்பந்தக்காரரும் இதை அறிந்திருப்பது கட்டாயம். உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். வேலை செய்தவரின் பெயர், நாள், கூலி ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தால் பின்னர் இரு தரப்புக்கும் உதவும்.

18 வயதுக்குக் குறைந்தவர்களை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்தச் சட்டம் இடம்கொடுக்காது. பாடசாலை விடுமுறையில் மகனைச் சாரத்தில் ஏற்றுவதும் இதைப் போன்ற ஆபத்தே.

பயிற்சி பெறுவது எப்படி?

2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகம் வேலைகொள்வோருக்கும் பாதுகாப்பு உத்தியோகத்தர்களுக்கும் பயிற்சி வழங்குகிறது. ஒரு குடும்பம் தனியே போவது கடினம். கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மாதர் சங்கம் ஊடாக, பத்துப் பதினைந்து வீட்டுக்காரரும் அவர்களின் மேசன்மாரும் சேர்ந்து, பிரதேச செயலகம் மூலம் ஒரு நாள் பயிற்சியைக் கேட்டுப் பெறலாம். கேட்கும்போது, பயிற்சி தமிழில் நடக்க வேண்டும், கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டிலேயே செய்துகாட்ட வேண்டும், முதலுதவியும் சேர்க்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் மட்டும் வந்து மேசன் வராத பயிற்சியால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

தினமும் பார்க்க வேண்டியவை

• குழிகள் மூடப்பட்டோ கயிறு கட்டப்பட்டோ உள்ளனவா?
• சாரமும் ஏணியும் உறுதியாக உள்ளனவா?
• வயர்கள் ஈரத்தில் கிடக்காமல் உள்ளனவா?
• குடிநீரும் நிழலும் உண்டா?
• பிள்ளைகள் வேலைத்தலத்துக்குள் வராமல் பார்க்க ஒருவர் இருக்கிறாரா?
• முதலுதவிப் பொருட்களும் அழைப்பதற்குத் தொலைபேசியும் உண்டா?
• காலைப் பேச்சு நடந்ததா?

இந்தப் பக்கத்தை வெட்டி வேலைத்தலத்தில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டிவையுங்கள். வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் காலையில் உரத்து வாசியுங்கள். ஏதாவது ஒன்றுக்கு "இல்லை" என்ற பதில் வந்தால், அதைச் சரிசெய்த பின்னர் அன்றைய வேலையைத் தொடங்குங்கள்.